எஞ்சின் கணினியின் விட்டுவிட்டு வரும் கோளாறு (பழைய லாரிகளில்)

டீசல் லாரியில் எரிபொருளின் அளவையும் அதைப் பீய்ச்சும் நேரத்தையும் தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டியிலோ, அதனோடு இணைந்த வயரிங், சென்சார், கப்ளர் ஆகியவற்றிலோ தோன்றித் தோன்றி மறையும் பழுது. பெட்டியைப் பட்டறைகளில் ஈசிஎம் என்றும் ஈசியூ என்றும் சொல்வர். ஓடும் வண்டியில் திடீரென்று பிக்கப் விழும், செக் லைட் எரியும். சாவியை அணைத்துப் போட்டால் எதுவும் நடவாததுபோல் வண்டி கிளம்பும். பட்டறைக்குள் வந்து நின்றதும் பழுது தலைகாட்டாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்கல் ஜல்லியும் எம்-சாண்டும் அடிக்கும் டிப்பர்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம், மாமல்லபுரம், செய்யூர் பக்கம் மீன், உப்பு, சவுக்கு ஏற்றும் வண்டிகளும் இக்கோளாறுக்கு எளிதில் ஆளாகின்றன.

தோற்றம்

எரிபொருளை மின்னணுவால் அளக்கும் முயற்சி பெட்ரோல் கார்களில் தொடங்கியது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957-இல் எலெக்ட்ரோஜெக்டர் என்ற அமைப்பை அறிவித்தது. 1958-இல் அதைப் பொருத்தி விற்ற கிரைஸ்லர் கார்கள் சிலவே. அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குப் பிறகு கார்புரேட்டரே மாட்டித் தரப்பட்டது. அந்த உரிமங்களைப் பெற்ற ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் அமைப்பை ஃபோக்ஸ்வாகன் காரில் வெற்றிகரமாகக் கொண்டுவந்தது. கனரக டீசலில் முன்னோடி டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் டிடெக் (1985). எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் முறையைப் பாஷின் சாதனையாகச் சொல்வது வழக்கம். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது பாஷ் பெயரால் வந்ததும் உண்மை. ஆனால் 1995-இலேயே ஜப்பானின் டென்சோ அதை ஹினோ ரேஞ்சர் லாரியில் ஏற்றிவிட்டது. எனவே லாரியைப் பொறுத்தவரை முதன்மை டென்சோவுக்கே உரியது.

வண்டிக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் இணைப்பைப் பாஷ் 1986-இல் டெட்ராய்ட் மாநாட்டில் வெளியிட்டது. அதன்மேல் அமைந்த ஜே1939 என்னும் நெறியே லாரிகளின் பொதுமொழி.

இந்தியாவில் கணினியை லாரிக்குள் கொண்டுவந்தது புகை விதிகளே. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 2005-இலும் நாடு முழுவதும் 2010-இலும் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 3 விதி நடைமுறையானது. பி.எஸ். 4 சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010-இல் தொடங்கி 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பரவியது. பி.எஸ். 3 வண்டிகளை அதற்குப் பின் விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. அதுவரை கணினியே இல்லாத மெக்கானிக்கல் பம்ப் லாரிகள்தான் சாலையில் மிகுதி. அசோக் லேலண்டு பி.எஸ். 4 காலத்திலும் இன்லைன் பம்பைக் கைவிடாமல், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஐஇஜிஆர் முறையைக் கையாண்டது. செங்கல்பட்டுக்கு அருகே ஓரகடத்தில் 2012-இல் திறக்கப்பட்ட டைம்லர் ஆலையின் பாரத்பென்ஸ் கனரக வண்டிகளோ பி.எஸ். 3 நாளிலேயே மின்னணு யூனிட் பம்புடன் வந்தன.

காரணங்கள்

பழுது பெட்டிக்குள் இருப்பது அபூர்வம். வெப்பத்தில் விரிந்து சுருங்கி ஈயப்பற்று விரிசல் விடுவதுண்டு. பல வண்டிகளில் பெட்டி எஞ்சினிலேயே முடுக்கப்பட்டிருப்பதால் அதிர்வும் சேரும். எனினும் முதல் குற்றவாளி எர்த் வயர், அடுத்தது கப்ளர். கடலோரத்தில் உப்புக் காற்று பின்களில் பச்சை படியச் செய்கிறது. மீன் வண்டியில் ஐஸ் உருகி ஒழுகும் நீர் சேசிஸ் எர்த்தை அரிக்கிறது. முந்தைய எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப் ஊசியால் குத்திப் பார்த்த துளை வழியே உப்பு நுழைந்து, மேலுறை புதிதுபோல் இருக்க உள்ளே செம்பு பொடியாகிக் கிடப்பதும் உண்டு. அந்த இடத்தை விரலால் மடித்தால் வயர் நூல்போல் துவளும். டிப்பர்களில் வேறொரு தொல்லை: பேட்டரி வயரையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாமல் பாடிக்கு வெல்டிங் வைப்பது.

கண்டறிதல்

ஸ்கேனர் காட்டும் கோடு (பிழைக் குறியீடு) பழுதான பொருளின் பெயரல்ல. எந்தச் சர்க்யூட்டில், எவ்விதப் பிசகு என்பதே. ஜே1939 கோடில் முதல் எண் சர்க்யூட்டையும், இரண்டாவது பிசகையும் குறிக்கும்: 2 என்றால் தாறுமாறான அல்லது விட்டுவிட்டு வரும் சிக்னல், 3 வோல்ட்டேஜ் மிகை, 4 குறைவு. கோடை உடனே அழிப்பது பட்டறைகளில் சாதாரணம், பெருந்தவறும்கூட. பழுது வந்த வேளையின் வேகம், சூடு ஆகிய பதிவும் அதோடு போய்விடலாம்.

எர்த்தை ஓம் கணக்கில் அளப்பதில் பயனில்லை. பத்து இழையில் ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் நல்லது என்றே காட்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் ஈசிஎம் எர்த் பின்னுக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்டேஜ் இழப்பைப் பார்ப்பதே சரி. பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் வயர் இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் இரு முனை ரெசிஸ்டர்களில் ஒன்று அறுந்திருக்கிறது. சம்பந்தமில்லாத பல சென்சார் கோடுகள் ஒன்றாக விழுந்தால் அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் வயரைச் சந்தேகித்து, சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் அதுவே ஷார்ட்டானது. எஞ்சினை ஓடவிட்டு ஹார்னெஸைக் கையால் ஆட்டுவதும், சந்தேகப்பட்ட கப்ளரை ஹேர் டிரையரால் சூடேற்றுவதும் பழைய முறைகள், பலன் தருபவை. இவை எல்லாம் தேறிய பின்னரே ஈசிஎம்மை மாற்றலாம். மாற்றிய பெட்டிக்கு அந்த எஞ்சினுக்குரிய மென்பொருளை ஏற்றியாக வேண்டும்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 லாரிகளில் மின்னணுக் கட்டுப்பாடு இன்னும் பெருகிவிட்டது; அவற்றின் பழுதுபார்ப்பு பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் மையங்களின் வசமே உள்ளது.