நனைந்தது ஜெனரேட்டர் அல்ல

பேக்கப் பவர் டிசைன் செய்யும் பொறியாளர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகும் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டிய கதை, ஃபுகுஷிமா.

2011 மார்ச் 11. நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனது. அணு உலைகள் நின்றன, டீசல் ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன. (உலையை நிறுத்தினாலும் சூடு அடங்காது, குளிர்விக்க மின்சாரம் வேண்டும்.) சுமார் 50 நிமிடத்தில் சுனாமி. அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கின.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 2, 4ஆம் உலைகளுக்கு வேறொரு கட்டடத்தில் தலா ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அவை மூழ்கவே இல்லை! ஆனால் அந்த மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் போர்டுகள் இருந்தது அடித்தளத்தில். மின்சாரம் போக வழியில்லை. 6ஆம் உலையில் ஒரு ஜெனரேட்டர் போர்டோடு தப்பியது. அதிலிருந்து கேபிள் இழுத்து 5ஆம் உலையையும் காப்பாற்றினார்கள். 1, 2, 3இல் எரிபொருள் உருகியது.

அடுத்த வருடமே, 2012 அக்டோபரில், சாண்டி புயல். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றும் பம்ப்? அடித்தளத்தில்தான். ஆட்கள் வரிசையாக நின்று படிக்கட்டு வழியே டீசலைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.