பலமனேரில் பிறந்த இறையியல் பள்ளி

சித்தூரிலிருந்து மொகிலி கணவாய் ஏறி மேலே வந்தால் பலமனேர். பெங்களூர் சாலையில் போகிறவர்கள் தேநீர் குடித்துவிட்டுக் கடந்துவிடும் ஊர். தென்னிந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இது நினைவில் இருக்க வேண்டிய ஊரும்கூட. ஆற்காடு மிஷனின் இறையியல் பள்ளி இங்கேதான் பிறந்தது.

1853இல் ஸ்கடர் சகோதரர்கள் மூவர் தொடங்கியது ஆற்காடு மிஷன். அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு கிராமம் கிராமமாக ஜனங்கள் சபைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் போதிக்கத் தமிழும் தெலுங்கும் பேசும் உபதேசிமார் வேண்டும், போதகர்கள் வேண்டும். மதனப்பள்ளியில் பணி செய்த மருத்துவர் ஜேக்கப் சேம்பர்லேன் அமெரிக்காவில் நிதி திரட்டினார். 1887இல் பள்ளி உருவானது. மிஷனைத் தொடங்கிய மூவரில் ஒருவரான வில்லியம் ஸ்கடரே முதல் பேராசிரியர். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடருக்கு அவர் பெரியப்பா.

சீர்திருத்தச் சபை தன் போதனைக்கு அடிப்படையாகக் கொண்ட நூல்களில் ஒன்று 1563இல் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை. அதில் 129 கேள்விகள். கிறிஸ்துவோடு விசுவாசி இணைக்கப்படுவது முதலிலேயே கிடைத்துவிடும் ஈவு. பரிசுத்தமோ மெல்ல மெல்ல வளர்வது என்பது அதன் போக்கு. கற்பனைகளைப் பூரணமாகக் கைக்கொள்ள முடியுமா என்று 114ஆம் கேள்வி கேட்கிறது. மகா பரிசுத்தவான்களுக்கும் இந்தப் பிறவியில் வாய்ப்பது ஒரு சிறு தொடக்கம்தான் என்பது அதற்குரிய பதில். இதைச் சோம்பலுக்குச் சாக்கு என்று சிலர் பழிப்பார்கள். எனக்கு அது கருணையாகவே படுகிறது. ஊரார் கண் முழுவதும் தன் மேலேயே இருக்க, நேற்றுவரை தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு வாழும் ஓர் உபதேசியார், பூரணன் போல நடிக்க வேண்டியதில்லை. விழுந்தாலும் தேவனோடுள்ள உறவு அறுந்துவிடவில்லை என்று அவர் தமக்கும் சொல்லிக்கொள்ளலாம், சபைக்கும் சொல்லலாம்.

ஆனால் அதே பெங்களூர் சாலையில் மேற்கே போனால் கோலார். அங்கே வேரூன்றியது அமெரிக்க மெதடிஸ்டு சபை. ஜான் வெஸ்லியின் பிள்ளைகளுக்குச் சிறு தொடக்கம் போதாது. தேவ அன்பு உள்ளத்தை முற்றும் நிரப்பி, அறிந்து செய்யும் பாவத்தை வெளியே தள்ளும் நிலை இந்த வாழ்விலேயே கிடைக்கும். விசுவாசத்தால் ஒரு நொடியில்கூடக் கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கிறிஸ்தவப் பூரணம் பற்றிய வெஸ்லியின் நூல் 1766இல் வந்தது. 1870களில் பம்பாய், சென்னை, பெங்களூர் என்று எழுப்புதல் கூட்டங்கள் நடத்திய வில்லியம் டெய்லர் இந்த மரபில் வந்தவர். குடியிலிருந்து மீண்ட ஒருவனிடம் போய், உன் விடுதலை வெறும் தொடக்கம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வெஸ்லியின் பலம் அந்த இடத்தில் இருக்கிறது.

பள்ளி பின்னர் வேலூருக்கு மாறியது. 1910இல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி பிறந்தபோது ஆற்காடு மிஷனும் பிரிட்டிஷ் வெஸ்லியரும் அதில் ஒன்றாக நின்றார்கள். இரண்டு போதனைகளும் ஒரே வளாகத்துக்குள் வந்தன.

விசுவாசி தேவனோடு எப்படி இணைகிறான் என்ற கேள்வியைத் தமிழ் மண்ணின் பக்தியிலிருந்து கேட்டவர் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கிய அவருடைய நூல் 1927இல் வெளியானது. பிதாவும் குமாரனும் ஒன்று என்றால் கரைந்து ஒன்றாவதல்ல. அன்பிலும் சித்தத்திலும் ஒன்றுபடுவது என்றார். இராமானுஜர் வழிக்கு நெருக்கமான பேச்சு இது. திருவண்ணாமலைக் குகைகளில் தியானித்த பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தரோ அத்வைத அனுபவத்தின் பக்கம் வெகுதூரம் போனார். அப்பாசாமியின் வழியே எனக்கு உகந்தது; நேசிக்க இருவர் வேண்டும்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பரிசுத்தம் பற்றிய இந்த வழக்கைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று அது யாரிடமும் கேட்கவில்லை. பலமனேர்ப் பள்ளியை உருவாக்கிய ஆற்காடு சபையினரும் பிரிட்டிஷ் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். கோலாரின் மெதடிஸ்டு சபை சேரவில்லை. இன்றும் தனிச் சபையாகவே இருக்கிறது.