பிணை

‘பிணை’ என்ற வினைக்குச் சேர்த்துக் கட்டு, இணை என்று பொருள். பிணைப்பு, பிணையல், பிணைக்கைதி எல்லாம் இதன் கிளைகள். சட்டத்தில், கைதானவரை நீதிமன்றத்தோடு கட்டிவைக்கும் உறுதிமொழியே பிணை.

வழக்கில் புழங்கும் ‘ஜாமீன்’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. மூலத்தில் அது பொறுப்பேற்கும் ஆளைக் குறித்தது. தமிழில் விடுதலையைக் குறிக்கத் தொடங்கியதால், ஆளைச் சுட்ட ‘ஜாமீன்தாரர்’ தேவைப்பட்டது. தமிழில் அவர் பிணையாளர்.

பிணையில் வெளியே வந்தாலும் கட்டு அவிழ்வதில்லை. சாட்சியை மிரட்டினாலோ வேறு நிபந்தனையை மீறினாலோ நீதிமன்றம் பிணையை ரத்து செய்து மீண்டும் சிறைக்கு அனுப்பலாம். தகுந்த காரணமின்றி விசாரணைக்கு வராதவருக்குப் இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 269ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். இது மூல வழக்கின் தண்டனைக்கு மேற்பட்டது.

பிணையாளரும் தப்ப முடியாது. கைதானவர் விசாரணைக்கு வராவிட்டால், பிணைப் பத்திரத்தில் ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டச் சொல்வார்கள். அது வசூலாகாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 491ஆம் பிரிவு அவரை ஆறு மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்க இடம் தருகிறது. கட்டு இருவருக்கும் பொது.