ஒரே தண்டவாளத்தின் இரு முனைகள்

அம்பத்தூர் ரயில் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். சென்ட்ரல் போகிற மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவே, மடங்கிவிடக் கூடாதே என்று நெஞ்சோடு அணைத்துப் பிடித்த பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே ஸ்கேன் படம். பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஒருவரோ, இடுப்பில் கை வைத்தபடி நிற்க முடியாமல் நிற்கும் ஒருவரோ இருப்பார். மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியே சாலையைக் கடந்தால் ஜி.ஹெச். என்கிற அரசு பொது மருத்துவமனை. அங்கே இருக்கும் நரம்பியல் நிறுவனத்துக்குத்தான் அவர்கள் போகிறார்கள்.

இந்த விழா மலருக்காக அந்த நிறுவனத்தின் கதையை எழுத உட்கார்ந்தபோது, இத்தனை வருடம் அந்த ரயிலில் போய்வந்தும் எனக்கு உறைக்காத ஒன்று உறைத்தது. இந்தியாவில் மூளை, தண்டுவட அறுவைக்கென்று முதலில் எழுந்த துறைகள் இரண்டும் நம் தண்டவாளத்தின் இரு பக்கமும் இருக்கின்றன. ஆவடியிலிருந்து மேற்கே போனால் காட்பாடி. அங்கே இறங்கினால் வேலூர் சி.எம்.சி. கிழக்கே போனால் சென்ட்ரல், எதிரே ஜி.ஹெச். வேலூரில் 1949, சென்னையில் 1950. நடுவில் நாம். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் ஊருக்குள் ஆஸ்பத்திரி உண்டு. தலைக்குள் கட்டி, முதுகெலும்பில் அடி என்றால் வெகு காலம் வரை நமக்கு ரயில்தான்.

வேலூரில் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கோட்டயத்துக்காரர், கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். சென்னையில் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. 1922-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்து, இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பி ஜி.ஹெச்.சில் இந்தத் துறையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28. அடுத்த ஆண்டே, 1951-ல், இவ்விருவரும் நரம்பியல் மருத்துவர்கள் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் தொடங்கிவிட்டார்கள். தொடங்கும்போது ஆட்கள் நான்கு பேர். நாடு முழுவதற்குமான சங்கத்தை நான்கு பேராகத் தொடங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1664-ல் கோட்டைக்குள் பிறந்து, 1772-ல் இன்றைய இடத்துக்கு வந்த பழைய ஆஸ்பத்திரி ஜி.ஹெச். ஆனால் மண்டையைத் திறக்கும் வேலைக்கு அங்கே அன்றைக்கு இருந்த வசதியை இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்புவது கடினம். ஸ்கேன் என்ற சொல்லே இல்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துவிட்டு, அதன் வழியே காற்றை ஏற்றுவார்கள். காற்று மேலேறி மூளைக்குள் இருக்கும் நீரறைகளை நிரப்பும். நோயாளியைப் புரட்டிப் புரட்டி எக்ஸ்-ரே எடுப்பார்கள். தலை வெடித்துவிடுவது போல வலிக்கும், வாந்தி வரும். படத்தில் மூளை தெரியாது. காற்று நிறைந்த அறை எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதை வைத்துக் கட்டி இருக்கும் இடத்தை ஊகிக்க வேண்டும். இது அமெரிக்காவின் வால்டர் டேண்டி 1919-ல் கண்ட வழி. கழுத்து ரத்தக்குழாயில் மருந்தேற்றிப் படம் எடுப்பது போர்ச்சுகலின் ஏகாஸ் மோனிஸ் 1927-ல் காட்டியது. எந்தக் கால் தளர்கிறது, கண்ணுக்குள் நரம்பு வீங்கியிருக்கிறதா, எந்தப் பாவை விரிகிறது என்று கையாலும் கண்ணாலும் பார்த்தே பாதி முடிவை எடுத்தார்கள். லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலை பார்க்கப்பட்டது 1971 அக்டோபர் 1-ல்தான்.

திறந்து பார்த்தால் கிடைத்ததும் மேல்நாட்டுப் புத்தகத்தில் இருந்தது அல்ல. அங்கே மூளைக் கட்டி என்றால் பெரும்பாலும் புற்று வகை. இங்கே வேலூரிலும் சென்னையிலும் வந்த கட்டிகளில் பெரும் பங்கு காசநோய்க் கட்டிகள். நுரையீரலிலிருந்து கிருமி தலைக்கு ஏறிக் கல்போல் உறைந்து நிற்கும். ராமமூர்த்தி குழுவினர் அவற்றை அகற்றியதோடு நிற்காமல், கணக்கு வைத்து எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். பிறகு நல்ல மருந்துகளும் ஸ்கேனும் வந்தன. இன்றைக்கு அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை மாத்திரையிலேயே கரைகின்றன. ஒரு காலத்தில் மண்டையைத் திறந்த நோய்க்கு இன்று மண்டையைத் திறப்பதில்லை என்பதைத்தான் நான் பெரிய முன்னேற்றம் என்பேன்.

1960-களில் ராமமூர்த்தியோடு வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோர் சேர்ந்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, தலையில் பொருத்திய சட்டத்தின் அளவுகளைக் கொண்டு மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியை மட்டும் தொடும் அறுவையை இங்கே வளர்த்தார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் நின்றவர்கள் உண்டு. அந்தக் குழுவில் வளர்ந்தவர்தான் டாக்டர் டி.எஸ். கனகா. சீனப் போரின்போது ராணுவ மருத்துவப் பணிக்குப் போய்வந்தவர். 1968-ல் எம்.சிஹெச். முடித்து, இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணரானார். ஓய்வுபெற்ற பிறகும் வைத்தியம் பார்ப்பதை விடவில்லை. 2018-ல் மறைந்தார். நம் பெண்பிள்ளைகளின் பள்ளிகளில் அவர் படம் மாட்டப்பட வேண்டும் என்பது என் ஆசை.

அதே காலத்தில், அதே சட்டத்தைக் கொண்டு, அடக்க முடியாத முரட்டுத்தனம் கொண்டவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, மூளையின் சிறு பகுதியை அழிக்கும் அறுவையும் இங்கே நடந்தது. அமைதிப்படுத்தும் அறுவை என்று அதற்குப் பெயர் வைத்துக் கட்டுரைகளும் வெளியிட்டார்கள். தன் சம்மதத்தைச் சொல்ல முடியாதவர் மூளையில் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்து, அது கைவிடப்பட்டது. விழா மலரில் இதை எழுத வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

என் பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் வீடு. பெரியப்பா சைக்கிள் ஆலையில் முப்பது வருடம் சக்கரத்துக்குக் கோணல் எடுக்கும் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் பேச்சு குறைந்தது. இடது காலைத் தேய்த்து நடந்தார். சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். "வயசாயிடுச்சுப்பா, அப்படித்தான்" என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும். பக்கத்தில் காட்டியதற்குச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாள் காலை எழுப்பினால் கண் திறக்கவில்லை. ஜி.ஹெச்.சில் இளம் டாக்டர் ஒருவர், "ஐயா, பேர் என்ன? கையைத் தூக்குங்க" என்று காதருகே சத்தமாகக் கேட்டுவிட்டு, எங்களிடம் திரும்பி, "சமீபத்துல தலையில எங்கயாவது இடிச்சுக்கிட்டாரா?" என்றார். யாருக்கும் நினைவில்லை. பெரியம்மாதான் மெல்லச் சொன்னார்: "ரெண்டு மாசம் முன்னால பரண்ல சாமான் எடுக்கும்போது இடிச்சிக்கிட்டாரு தம்பி. ரத்தம்கூட வரல."

ரத்தம் உள்ளே வந்திருந்தது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். மூளைக்கும் அதைச் சுற்றிய உறைக்கும் இடையே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன இடியிலேயே ஒன்று அறுந்து, வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, நீர்த்து, மூளையை அமுக்கும். சி.டி. படத்தில் அது கறுத்த பிறைபோலத் தெரிந்தது. அன்று இரவே மரத்துப்போக ஊசி போட்டு, தச்சர் தமரைச் சுழற்றுவதுபோல் கையாலேயே சுழற்றி மண்டையோட்டில் இரண்டு துளைகள் போட்டார்கள். மறுநாள் கட்டிலின் கீழே தொங்கிய பையில் வடிந்திருந்ததைப் பார்த்தேன். பழைய எஞ்சின் ஆயில் நிறம். தொழிற்பேட்டைக்காரனுக்கு வேறு உவமை தோன்றவில்லை. மூன்றாம் நாள், கிரீச்சிட்டுக்கொண்டே போன ஸ்ட்ரெச்சரைப் பெரியப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். "அந்த முன் சக்கரம் கோணல்டா" என்றார். இரண்டு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மூளை அறுவைகளிலேயே எளியவற்றில் ஒன்று இது. நேரத்தில் கண்டுகொள்வதுதான் அரிது. வீட்டில் பெரியவர் யாராவது திடீரென்று மந்தமாகிவிட்டால், நடை தடுமாறினால், வயதின்மேல் பழி போடாமல் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

முதுகெலும்பின் கதையில் நான் அதிகம் மதிக்கும் இடம் அறுவை அரங்கம் அல்ல. அது சேத்துப்பட்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, 1956 முதல் இயங்கும் காசநோய் ஆராய்ச்சி நிலையம். முதுகெலும்பில் காசநோய் வந்தால் எலும்பு கரையும், சீழ் கட்டும், கூன் விழும், சிலருக்குக் கால் விழுந்துவிடும். மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் படுக்கையில் கிடத்துவது பழைய வழி. ஹாங்காங்கில் ஹாட்சன் என்ற அறுவை நிபுணர், முன்பக்கமாகத் திறந்து, கெட்ட எலும்பைச் சுரண்டி எடுத்து, நல்ல எலும்பை ஒட்டு வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அழகான அறுவை. ஆனால் எல்லாருக்கும் அது தேவையா?

சென்னையில் 1975 வாக்கில் தொடங்கிய ஆய்வு அதைத்தான் கேட்டது. நடக்க முடிகிற நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவையோடு 6 மாத மருந்து. மற்ற இரண்டு பிரிவுக்கும் படுக்கையும் இல்லை, கத்தியும் இல்லை. வீட்டிலிருந்து நடந்து வந்து மருந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், ஒன்றுக்கு 6 மாதம், மற்றதற்கு 9 மாதம். பத்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். வீடு மாறியவரைத் தேடிக் கண்டுபிடித்து, முதுகைப் படமெடுத்து, எழுதி வைத்தார்கள். 1999-ல் வெளியான முடிவு: நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 90 சதவீதம், 6 மாத மருந்துப் பிரிவில் 94, 9 மாத மருந்துப் பிரிவில் 99. கால் செயலிழந்தவருக்கும் கூன் வேகமாக வளரும் குழந்தைக்கும் அறுவை இன்றும் வேண்டும். மற்றப் பலர் கத்தியிலிருந்து தப்பியது இந்தப் பொறுமையான கணக்கெடுப்பால்.

தண்டுவடம் அறுந்தே போனால்? அதற்குத் தண்டவாளத்தின் மேற்கு முனைக்குப் போக வேண்டும். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு முறிந்து இரண்டு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையையே கட்டி எழுப்பினார். படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, சிறுநீர்ப்பையைப் பழக்குவது, மறுபடி வேலைக்குப் போகவைப்பது ஆகிய மூன்றும்தான் தண்டுவட அடிபட்டவரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இடுப்பு வலிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டை தூக்குவோரும் லேத்தில் நிற்போரும் நிறைந்த நம் பகுதியில் ஜவ்வு விலகல் வீட்டுக்கு வீடு உண்டு. பெரும்பாலானவை ஓய்விலும் பயிற்சியிலும் சில வாரங்களில் அடங்கும். ஆனால் பாதம் தொங்கினால், சிறுநீர் வராமல் நின்றால், தொடையிடுக்கு மரத்துப்போனால் அன்றைக்கே ஓட வேண்டும். அங்கே மணிக்கணக்குதான்.

மணிக்கணக்கு என்றால் தலைக்காயம். சி.டி.ஹெச். ரோடும் பெங்களூரு நெடுஞ்சாலையும் புறவழிச் சாலையும் நம் ஊர்களைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகின்றன. இரவு ஷிப்ட் முடிந்து ஹெல்மெட் இல்லாமல் வரும் பையன்கள் ஆயிரம் பேர். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல்லாண்டு வழக்கம். மூளை வீக்கம் வடியும் என்று நம்பினார்கள். பல நாடுகளில் 10,008 பேரிடம் சோதித்து 2004-ல் முடிவு வந்தபோது, ஊசி போட்டவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள்; போடாதவர்களில் 17.9. நல்லெண்ணத்தோடு போட்ட ஊசி ஆளைக் கொன்றிருக்கிறது. எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் இன்றும் போட்டுக்கொண்டிருப்போம்.

2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமானது, தனியார் மருத்துவமனைகளிலும். போரூரிலேயே இன்று மண்டையைத் திறக்க முடிகிறது. என் பெரியப்பா காலத்தில் 108-ம் இல்லை, அந்தத் திட்டமும் இல்லை. ஆனாலும் ஜி.ஹெச். போகிற கூட்டம் குறையவில்லை. கையில் காசில்லாதவருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது, நடுராத்திரியிலும்.

டாக்டர் ராமமூர்த்தி 2003 டிசம்பரில் மறைந்தார். பெரியப்பா அறுவைக்குப் பின் பதினோரு ஆண்டுகள் இருந்தார். தெருப் பிள்ளைகளின் சைக்கிளுக்கெல்லாம் கோணல் எடுத்துக் கொடுத்தார். அவருடைய ஸ்கேன் உறை எங்கள் வீட்டு பீரோ மேல் இன்னும் இருக்கிறது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். படம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. பிறை அப்படியே தெரிகிறது.