தாராவித் தமிழர் எத்தனை பேர்? ஒரு கேள்வியின் வரலாறு

தாராவியில் எத்தனை தமிழர் வாழ்கின்றனர் என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடையாது. இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே கடந்த அந்நிலப்பரப்பின் மொத்த மக்கள்தொகையே 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை பலவாறாகச் சொல்லப்படுகிறது. எண்ணியவர்கள் இல்லாமையால் வந்த குழப்பமன்று இது. எண்ணியவர்கள் பலர், ஒவ்வொருவரும் கேட்ட கேள்விதான் வேறு. அக்கேள்விகளின் வரலாற்றைச் சுருக்கமாகப் பதிவு செய்வதே இக்குறிப்பின் நோக்கம்.

1909ஆம் ஆண்டு பம்பாய் கெசட்டியர் தாராவியைக் கோலி மீனவர்களின் பெருங்குடியிருப்புகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மாகிம் கழிமுகம் தூர்ந்து மீன்பிடித் தொழில் நலிந்த காலத்திலேயே அச்சதுப்பு நிலத்தில் வேறு தொழில்கள் குடியேறத் தொடங்கிவிட்டன. முதல் தோல் பதனிடும் கூடம் 1887இல் வந்தது. தோல் வணிகத்தில் ஈடுபட்ட திருநெல்வேலி இஸ்லாமியரும், உழைப்பாளிகளாக வந்த தென்மாவட்ட ஆதிதிராவிடரும், பின்னர் வந்த நாடார் முதலிய பிற சமூகத்தாரும் சேர்ந்து, மும்பைக்குள் ஒரு தென்னாட்டுச் சிற்றூரையே உருவாக்கினர். கணேசர் கோவில் 1913இல் எழுந்தது. தமிழ்ப் பள்ளி 1924இல் தொடங்கியது. தாராவியின் முதல் பள்ளியே தமிழ்ப் பள்ளி என்பது மொழி வரலாற்று மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

தாராவிக்கு அருகிலேயே இருக்கும் மாதுங்காவின் கதை வேறு. 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. அலுவலகப் பணிக்கு வந்த தமிழ்நாட்டு, பாலக்காட்டுப் பிராமணர்கள் அங்கே வாடகைக்குக் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலும், ஷண்முகானந்த சபா 1952இலும் தோன்றின. செம்பூரோ 1950களில் டிராம்பேயில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் அணுசக்தி நிறுவனத்தையும் ஒட்டிப் பெருகியது. கணக்கெடுப்பின் ‘தாய்மொழி: தமிழ்’ என்னும் கட்டம் இம்மூன்று ஊர்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. சாதி, தொழில், வீட்டு உரிமை ஆகிய எதிலும் அவை ஒன்றல்ல.

இத்தகைய மக்களை எண்ணிய முயற்சிகளுள் நான்கைக் காண்போம்.

முதலாவது, 1960களில் ‘மார்மிக்’ இதழ் வெளியிட்ட பெயர்ப் பட்டியல்கள். நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்கள் அவற்றில் அச்சிடப்பட்டன. அங்கே கேட்கப்பட்ட கேள்வி ‘உன் பெயர் என்ன?’ என்பதே. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்ற வேறுபாடுகள் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் கரைந்தன. பட்டியலில் இருந்தவை அலுவலர்களின் பெயர்கள். அதனால் எழுந்த வெறுப்போ பட்டியலில் இடம்பெறாத எளியவர்களையும் தாக்கியது.

இரண்டாவது, 1976இல் அரசு நடத்திய குடிசைக் கணக்கெடுப்பு. இதன் கேள்வி ‘இங்கே குடியிருக்கிறாயா?’ என்பது. விடையாகக் கிடைத்தது ‘போட்டோபாஸ்’. தாராவிக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் தகரப் பெட்டியின் அடியில் காக்கப்படும் ஆவணம் அதுதான்.

மூன்றாவது, மக்கள் தாமே நடத்திய கணக்கெடுப்பு. ராஜீவ் காந்தி 1985இல் பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பகுதி தாராவி மேம்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டபோது, எத்தனை பேரை அங்கேயே இருத்தலாம், எத்தனை பேரை அகற்றலாம் என்ற விவாதம் எழுந்தது. தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு 1986இல் வீடு வீடாகச் சென்று எண்ணியது. சுமார் 5 லட்சத்து 30 ஆயிரம் மக்கள், 1 லட்சத்து 6 ஆயிரம் குடும்பங்கள் என்று அது கண்டது. அரசின் மதிப்பீடு இதைவிட வெகுவாகக் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம் என்பதும் அதன் முடிவு. இங்கே கேள்வி ‘எங்கிருந்து வந்தாய்?’ என்பது. அக்கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜோக்கின் அற்புதம் கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். பிறந்த மாநிலத்தைக் கொண்டு எண்ணினால் அவரே தமிழ்நாட்டவர் கணக்கில் வரமாட்டார். பாலக்காட்டிலிருந்து வந்த மாதுங்கா தமிழரும் வரமாட்டார்கள்.

நான்காவது, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2001இல் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் சுமார் 5 லட்சத்து 28 ஆயிரம். 2011இல் சுமார் 5 லட்சத்து 10 ஆயிரம். இந்தச் சரிவு, ஊர் திரும்பியவர்களைக் காட்டுகிறதா, மொழி மாறியவர்களைக் காட்டுகிறதா? அட்டவணை இதற்கு விடை தராது. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே கணக்கெடுப்பின்படி தாய்மொழி. தாய் இந்தியில் பேச, பாட்டி திருநெல்வேலித் தமிழில் பேச, அதற்குத் தமிழிலேயே விடை சொல்லி வளர்ந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளையின் தாய்மொழி இந்தி. அறிந்த பிற மொழிகளாக இரண்டை மட்டுமே குறிக்கலாம். மராத்தியும் ஆங்கிலமும் அவ்விடங்களை நிரப்பிவிட்டால், வீட்டில் நாள்தோறும் ஒலிக்கும் தமிழ் எந்தக் கட்டத்திலும் பதிவாகாமல் போகிறது. மேலும், தாராவி தனிக் கணக்கெடுப்பு நகரமன்று. தாய்மொழி அட்டவணையில் அதற்கெனத் தனி வரி இல்லை.

சாதி குறித்த கட்டமும் இவ்வாறே. பட்டியல் சாதி என்பது மாநிலந்தோறும் தனித்தனியே வரையறுக்கப்படுவது. ஒரு மாநிலப் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குப் பெயர்ந்தால் அத்தகுதி அங்கே தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலியில் ஒடுக்கப்பட்டதால் புறப்பட்டு வந்தவரின் பேரன், மும்பையில் ஒடுக்கப்பட்டவனாக எண்ணப்படுவதற்கே பட்டியலில் தன் சாதிப் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் பதிவு செய்யப்படவுள்ள நிலையில், புலம்பெயர்ந்தோரின் சாதிப் பெயர்கள் எவ்வாறு குறியிடப்படும் என்பதை ஆய்வாளர்கள் இப்போதே கவனிக்கவேண்டும்.

மார்ச் 2024இல் தொடங்கிய தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் இன்னொரு கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது: ‘எப்போதிலிருந்து இருக்கிறாய்?’ 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னர் வந்தோருக்கும், மாடியில் குடியிருப்போருக்கும் வீடு தாராவிக்கு வெளியே. அதுவும் விலைக்கோ வாடகைக்கோதான். தந்தை தரைத்தளத்திலும் மணமான மகன் மாடியிலும் வாழும் குடும்பம் கணக்கெடுப்பில் இரண்டாகப் பிரிகிறது. பேரப்பிள்ளையின் தமிழைக் காத்துவந்தது இப்படி ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய பாட்டியின் பேச்சு என்பதால், வீட்டுக் கணக்கு மொழிக் கணக்காகவும் ஆகிவிடுகிறது. கோவிலும் பள்ளியும் அமைந்த வரிசையில் உருவான ஒரு சமூகம், தகுதிப் பட்டியலின் வரிசையில் கலையக்கூடும்.

ஆகவே ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தாராவியில் களப்பணி செய்வோர் ‘தமிழர் எத்தனை சதவீதம்’ என்ற எண்ணைத் தேடுவதற்கு முன், அந்த எண் எக்கேள்விக்கான விடை என்பதைப் பதிவு செய்யுங்கள். பிறந்த ஊர், முன்னோர் ஊர், தாய் பேசிய மொழி, இன்று வீட்டில் யாரோடு எம்மொழி என்ற நான்கையும் தனித்தனியே கேளுங்கள். போட்டோபாஸ், குடும்ப அட்டை, பழைய தமிழ்ப் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை, உரியவர் இசைவோடு, வீடுகள் இடிபடுவதற்கு முன் படியெடுத்து வையுங்கள். நாளைய வரலாற்றாசிரியருக்கு மட்டுமல்ல, தகுதிப் பட்டியலில் விடுபட்டு நாளை மேல்முறையீடு செய்யப்போகும் குடும்பத்துக்கும் அந்தப் படிகள் தேவைப்படும்.