திரை உறங்கிய வியாழக்கிழமைகள்

மாந்தர் தம் மாலைப் பொழுதை எவ்வாறு கழித்தனர் என்பதை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. போர்களும் முடிசூட்டு விழாக்களும் ஏட்டில் ஏறுகின்றன. அந்தி சாய்ந்தபின் ஒரு குடும்பம் விளக்கைச் சுற்றி அமர்ந்த செய்தி ஏறுவதில்லை. ஆயினும் ஒரு மக்களினத்தின் உள்ளம் உருப்பெறுவது அந்த விளக்கடியில்தான். வட அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் ஐஸ்லாந்துத் தீவின் கதை இதற்குச் சான்று பகரும்.

தலைநகர் ரெய்க்யாவிக்கில் டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில் பகற்பொழுது ஏறத்தாழ 4 மணி நேரமே. பண்டைய பண்ணை வீடுகளின் சுவரும் கூரையும் புல்வேர் பின்னிய மண்கட்டிகளால் ஆனவை. உண்ணவும் உறங்கவும் உழைக்கவும் பெரும்பாலும் ஒரே அறை. குளிர்கால இரவுகளில் மீனெண்ணெய் விளக்கை ஏற்றிவைத்து, வீட்டாரும் பணியாட்களும் தத்தம் கட்டிலின் விளிம்பில் அமர்வர். சிலர் கம்பளி மயிரைச் சிக்கெடுப்பர், சிலர் நூற்பர், சிலர் பின்னுவர். ஆண், பெண், சிறுவர் என்ற வேற்றுமை இல்லை. ஒருவர் மட்டும் பழங்காலச் சாகாக் கதைகளை உரக்கப் படிப்பார். அல்லது ரீமுர் எனும் கதைப்பாடல்களை இசையோடு ஓதுவார். இறுதியில் இல்லச் செபம் நடைபெறும். லூத்தரன் போதகரான ஹால்கிரீமுர் பியேத்துர்சன் இயற்றி 1666-இல் அச்சேறிய திருப்பாடுகளின் பாடல்கள் ஐம்பதும் தவக்காலத்தில் ஒலிக்கும். இவ்விரவு அமர்வுக்கு மாலை விழிப்பு என்று பொருள்படும் க்வோல்ட்வாக்கா என்பது பெயர்.

இதனைக் குறையற்ற பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. அந்தக் கம்பளிப் பணி வறுமையின் கட்டாயம். மேலும், அந்நாளில் தீவை ஆண்ட டென்மார்க் அரசு 1746-இல் பிறப்பித்த இல்ல ஒழுக்க ஆணை, பயனற்ற கதைகளைப் படிப்பதையும் ரீமுர் ஓதுவதையும் கைவிடுமாறு கூறிற்று. பொழுதுபோக்கைக் கண்டு பெரியோர் அஞ்சுவது நம் காலத்திற்கு மட்டும் உரியதன்று! ஆயினும் மக்கள் கதையை விடவில்லை. அந்தக் கதை செவியை மட்டுமே கேட்டது. கைகளை வேலைக்கு விட்டுவைத்தது. எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1930-இல் அரசு வானொலி வந்தது. கெப்லாவிக்கிலிருந்த அமெரிக்கப் படைத்தளம் 1955-இல் தன் வீரர்களுக்காகத் தொலைக்காட்சி தொடங்க, அது நாளடைவில் தலைநகர் இல்லங்களிலும் நுழைந்தது. தம் மொழிக்கும் பண்பாட்டிற்கும் ஊறு நேருமென்று அஞ்சிய அறிஞர் அறுபதின்மர் 1964-இல் நாடாளுமன்றத்திடம் முறையிட்டனர். 1966 செப்டம்பர் 30 அன்று நாட்டின் சொந்தத் தொலைக்காட்சி பிறந்தது. தொடக்கத்தில் வாரத்தில் சில மாலைகளே ஒளிபரப்பு. பின்னர் ஆறு நாள்களாக வளர்ந்தது. வியாழக்கிழமை மட்டும் திரை உறங்கியது. கோடைக்காலச் சூலைத் திங்கள் முழுவதும் ஒளிபரப்பே இல்லை.

இந்த ஓய்வைத் தவ முயற்சி என்று போற்றுதல் மிகையாகும். ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களே வாழ்ந்த நாட்டில் ஆளும் பொருளும் குறைவு. பணியாளருக்கு ஓய்வும் தேவைப்பட்டது. ஆனால் பற்றாக்குறையில் பிறந்தது ஒரு நற்பேறாயிற்று. உறவினரைக் காணவும், நண்பரோடு கூடவும், சங்கக் கூட்டங்களுக்குச் செல்லவும் வியாழன் மாலை வாய்ப்பளித்தது.

சூலை ஓய்வு 1983-இல் முடிவுற்றது. அரசின் ஒளிபரப்புத் தனியுரிமை நீங்கியபின், 1986 அக்டோபர் 9 அன்று தனியார் தொலைக்காட்சி ஒன்று தோன்றியது. அன்று வியாழக்கிழமை! ஓராண்டும் நிறைவுறாத நிலையில், 1987 அக்டோபர் 1 முதல் அரசுத் தொலைக்காட்சியும் வியாழனன்று ஒளிபரப்பலாயிற்று. அந்த ஓய்வுநாளை எவரும் வெறுத்து ஒழிக்கவில்லை. போட்டி வந்தது, அது போயிற்று.

இன்று திரை நம் கைக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பு கண்ணை மட்டும் ஈர்த்தது. இப்போது விரல்களையும் கேட்கிறது. வீட்டில் நால்வர் இருக்க, நால்வர்க்கும் நான்கு திரைகள். கருவியைப் பகையென்று தள்ளவேண்டியதில்லை. ஐஸ்லாந்து வானொலியே 1944 முதல் தவக்காலந்தோறும் அந்தத் திருப்பாடுகளின் பாடல்களை வாசித்து வருகிறது. கம்பளிப் பின்னலும் அந்நாட்டில் அழிந்துவிடவில்லை.

நாம் கற்கவேண்டியது வேறு. வியாழன் ஓய்வு தனியொருவரின் துறவன்று. ஊரே சேர்ந்து கொண்ட ஓய்வு. பிறர் திரையில் ஆழ்ந்திருக்க, ஒருவர் மட்டும் கைப்பேசியைக் கீழே வைத்தால் அவருக்குக் கிடைப்பது உறவன்று, தனிமையே. ஆகவே அளவு என்பது வீட்டார் கூடி வகுக்கவேண்டிய ஒன்று. வாரத்தில் ஒரு மாலையேனும் கைக்கு ஒரு வேலை, செவிக்கு ஒரு குரல், கண்ணுக்கு ஒரு முகம் என்று ஒதுக்கிக்கொள்ளலாகாதா? ஐஸ்லாந்து மக்களுக்கு அந்த மாலையைப் பற்றாக்குறை வழங்கியது. நமக்கு அதை வழங்குவோர் எவருமில்லை; நாமே ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ள வேண்டும்.