டகோட்டா முதல் ஏர்பஸ் வரை: ஹைதராபாத்தின் ஜங்ஷன் கனவு

டெக்கான் ஏர்வேஸ் என்று சொன்னால் நம்மில் பலருக்கு கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான்தான் நினைவுக்கு வரும். 2003-ல் ஆரம்பித்து, சாமானியனையும் விமானத்தில் ஏற்றிவிட்டு, 2007-ல் கிங்ஃபிஷர் கைக்குப் போய்ச் சேர்ந்த கம்பெனி அது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. அதற்குச் சுமார் 60 வருடம் முன்னால் இதே ஹைதராபாத்தில் டெக்கான் ஏர்வேஸ் என்றே ஒரு கம்பெனி இருந்தது. நிஜாம் சமஸ்தானமும் டாடா ஏர்லைன்ஸும் கூட்டுச் சேர்ந்து 1945-ல் தொடங்கியது. பெரும்பங்கு நிஜாமுடையது, தலைமையிடம் பேகம்பேட்.

செகந்திராபாத் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு பேகம்பேட் விமான நிலையத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாரேட்பள்ளியிலோ பத்மாராவ் நகரிலோ இருந்தால், ஆட்டோ பிடித்துக் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். 1930-களில், ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், விமான கிளப்போடு சேர்ந்து வளர்ந்த இடம் அது. இந்த சமஸ்தானத்துக்குப் போக்குவரத்தில் ஒரு பிடிப்பு உண்டு. சொந்த ரயில்வே வைத்திருந்தது. 1932-லேயே அந்த ரயில்வேயின் கீழ் 27 பஸ்களோடு சாலைப் போக்குவரத்தும் தொடங்கியது. ரயில், பஸ் என்று ஆன பிறகு அடுத்தது விமானம்தானே?

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ராணுவத்துக்குத் தேவைப்படாமல் போன டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. பெங்களூர் ஹெச்.ஏ.எல்.-இல் அவற்றைச் செப்பனிட்டுப் பயணிகள் விமானமாக மாற்றினார்கள். டெக்கான் ஏர்வேஸும் டகோட்டாக்களோடுதான் களத்தில் இறங்கியது. சென்னை, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி என்று தெற்கையும் வடக்கையும் இணைக்கும் பாதை அதன் முதுகெலும்பு. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் புரியும். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு கோடு கிழித்தால் அது ஹைதராபாத் பக்கமாகத்தான் போகும். அன்றைய விமானத்தால் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போக முடியாது, எங்கேயாவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கம்பெனியின் கதையில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. ஒன்று, 1947 அக்டோபரில் ஸ்ரீநகருக்கு ராணுவத்தை அவசரமாக ஏற்றிச் சென்றபோது தனியார் கம்பெனிகளின் டகோட்டாக்களும் போயின. அதில் டெக்கான் ஏர்வேஸும் உண்டு. ஹைதராபாத் அப்போது இந்தியாவோடு சேரவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த வருடமே சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர் கராச்சியிலிருந்து ராத்திரி ராத்திரியாக நிஜாமுக்கு ஆயுதம் கடத்தி வந்தார். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்த பிறகுதான் அந்த அத்தியாயம் முடிந்தது.

இரண்டாவது, பிரேம் மாத்தூர். 1947-ல் வணிக விமானி உரிமம் வாங்கிய முதல் இந்தியப் பெண். பெண் விமானி ஓட்டினால் பயணிகள் ஏறமாட்டார்கள் என்று கம்பெனி கம்பெனியாகக் கைவிரித்தார்கள். வேலை கொடுத்தது டெக்கான் ஏர்வேஸ்.

சரி, அப்படிப்பட்ட கம்பெனி என்ன ஆனது?

அங்கேதான் என் வங்கிக்காரப் புத்தி எட்டிப் பார்க்கிறது. டகோட்டா மலிவாகக் கிடைத்தது ஹைதராபாத்துக்கு மட்டும் இல்லையே. நாடு முழுக்க ஆளாளுக்கு வாங்கினார்கள், அரசாங்கமும் தாராளமாக உரிமம் கொடுத்தது. பயணிகள் எண்ணிக்கையோ அந்த வேகத்தில் வளரவில்லை. 1950-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான விசாரணைக் குழு இதைத்தான் சுட்டிக்காட்டியது: இருக்கும் போக்குவரத்துக்கு இத்தனை கம்பெனிகள் அதிகம், தாங்களாகவே இணைந்துவிடுவது நல்லது. யாரும் இணையவில்லை. 1953-ல் அரசாங்கமே சட்டம் போட்டு எட்டுக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டது. ஈட்டுத்தொகையில் பெரும்பகுதி கடன் பத்திரமாகத்தான் வந்தது. டெக்கான் ஏர்வேஸ் இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது.

கம்பெனி போனது ஒரு இழப்பு. ஜங்ஷன் ஆகும் வாய்ப்பு போனது அதைவிடப் பெரிய இழப்பு என்பது என் கட்சி.

விமானத் துறையில் ஹப் என்கிறார்களே, அது நம்ம விழுப்புரம் ஜங்ஷன்தான். நாலு திசையிலிருந்தும் வண்டி வரும், ஆட்கள் இறங்கி மாறி ஏறுவார்கள். ஜங்ஷன் என்றால் பெரிய கட்டடம் என்று அர்த்தம் இல்லை. வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் இதை முதலில் அழகாகச் செய்து காட்டியது பயணிகளுக்காக அல்ல, கடிதங்களுக்காக. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலு ஊரிலிருந்தும் ராத்திரி கிளம்பும் விமானங்கள் நடுநிசியில் நாக்பூரில் கூடும். தபால் மூட்டையை மாற்றிக்கொள்ளும். விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். இன்றைக்கு துபாயில் எமிரேட்ஸ் செய்வது இதே வித்தையைத்தான், என்ன, மூட்டைக்குப் பதில் நாம்! :-)

1953-க்குப் பிறகு விமானத்தை வாங்குவது டெல்லி, எந்த ஊரில் நிறுத்துவது என்று முடிவெடுப்பதும் டெல்லி. வைக்கவுன்ட் வந்தது, ஃபோக்கர் வந்தது, காரவெல் வந்தது, போயிங் 737, ஏர்பஸ் எல்லாம் வந்தன. நாலு பெருநகரங்களும் தளங்களாயின. ஹைதராபாத்துக்குக் கிடைத்தது இந்தியன் ஏர்லைன்ஸின் மத்தியப் பயிற்சி மையம். அதாவது விமானி இங்கே சிமுலேட்டரில் பழகுவார், பழகி முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். நம்ம ஜனங்கள் சார்மினார் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் சென்னையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி சம்ஷாபாத். பேகம்பேட்டைச் சுற்றி ஊர் நெருங்கிவிட்டது, விரிக்க இடமில்லை. 2004 டிசம்பரில் மத்திய அரசோடு ஒப்பந்தம், 2005-ல் அடிக்கல், 2008 மார்ச்சில் திறப்பு. சுமார் 5,500 ஏக்கர். தொடங்கும்போது ஜி.எம்.ஆர். 63 சதவீதம், மலேசிய விமான நிலையக் கம்பெனி 11, மாநில அரசும் இந்திய விமான நிலைய ஆணையமும் தலா 13. மாநில அரசு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்ததோடு, 315 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும், 107 கோடி ரூபாய் மானியமும் கொடுத்தது. ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து: 150 கிலோமீட்டருக்குள் 25 வருடத்துக்குப் போட்டி விமான நிலையம் வரக்கூடாது. பேகம்பேட் பயணிகள் சேவைக்கு மூடப்பட்டது அப்படித்தான்.

ஏன் இவ்வளவு பாதுகாப்பு என்று கேட்கலாம். கடன் கொடுக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். விமானத்துக்குக் கடன் கொடுத்தால், தவணை வராதபோது விமானத்தைப் பிடித்து வேறு நாட்டுக் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம். ஓடுபாதையைப் பிடித்து எங்கே கொண்டுபோவது? விமானத்துக்குச் சக்கரம் உண்டு, இறக்கையும் உண்டு. விமான நிலையத்துக்கு இரண்டும் இல்லை. கம்பெனி தளத்தை மாற்றிக்கொண்டால் நிலையம் அங்கேயே நின்று வட்டி கட்ட வேண்டும்.

இது வெறும் பேச்சு இல்லை. ஆண்டுக்கு 1.2 கோடிப் பயணிகளுக்காகச் சம்ஷாபாத் திறந்த அதே 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. கம்பெனிகள் விமானங்களைக் குறைத்தன. முதல் நிதியாண்டில் வந்தவர்கள் அந்தக் கொள்ளளவில் பாதியை ஒட்டித்தான். 2010 டிசம்பரில் ஸ்பைஸ்ஜெட் 15 பம்பார்டியர் க்யூ400 விமானங்களை உறுதியாகவும் 15-ஐ விருப்பத் தேர்வாகவும் ஆர்டர் செய்தது. 2011 செப்டம்பரில் ஹைதராபாத்தைத் தளமாக வைத்து திருப்பதி, ராஜமுந்திரி போன்ற ஊர்களுக்குப் பறக்க ஆரம்பித்தது. ஜங்ஷனுக்குத் தேவையான கிளைப் பாதைகள் அவைதான். 2014 டிசம்பரில் அந்தக் கம்பெனியே எரிபொருளுக்குப் பணமில்லாமல் ஒருநாள் தரையில் நின்றது. ஹைதராபாத்தையே தளமாகக் கொண்ட ட்ரூஜெட் 2015-ல் வந்து 2022-ல் நின்றுபோனது. கிங்ஃபிஷர் 2012, ஜெட் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023.

ஆனால் ஜனங்கள் நிற்கவில்லை. 2018-19-ல் 2.1 கோடிப் பேர், 1.2 கோடிக்குக் கட்டிய கட்டடத்தில்! விரிவாக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே கொரோனா வந்து 2020-21-ல் எண்ணிக்கை சுமார் 80 லட்சத்துக்கு விழுந்தது. இப்போது கொள்ளளவு 3.4 கோடி. 2024-25-ல் வந்தவர்கள் 2.9 கோடியை ஒட்டி. மறுபடியும் கழுத்தை எட்டிக்கொண்டிருக்கிறது. கட்டி முடித்தால் கூட்டமில்லை, கூட்டம் வந்தால் இடமில்லை. பிடித்தாலும் நஷ்டம், விட்டாலும் நஷ்டம் என்கிற கதைதான்.

ஆர்டர் பக்கம் வருவோம். ஆர்டர் எண்ணிக்கையை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடக் கூடாது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 2005-06-ல் ஏர் இந்தியா 68 போயிங்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ்ஸும், ஆக 111 விமானங்கள் ஆர்டர் செய்தன. பெரும்பாலும் கடன். 2007-ல் இரண்டையும் இணைத்தார்கள். அந்தக் கடன் சுமை பற்றித் தணிக்கைத் துறை 2011-ல் கடுமையாக எழுதியது. இண்டிகோவும் அதே 2005-ல்தான் 100 ஏ320-க்கு ஆர்டர் போட்டது, ஆனால் வழி வேறு. மொத்தமாக வாங்குவதால் பெரிய தள்ளுபடி. விமானம் கைக்கு வந்ததும் வாடகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அதையே மாத வாடகைக்கு எடுத்துக்கொள்வது. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் ரொக்கமாகக் கையில். வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது மாதிரி. விமானத்தில் காலி சீட் இல்லாதவரை நல்ல ஏற்பாடு. 2023 ஜூனில் அதே கம்பெனி ஒரே ஆர்டரில் 500 விமானங்கள் கேட்டது. அந்த வருடம் பிப்ரவரியில் ஏர் இந்தியா 470.

இந்த ஏர் இந்தியாவை 2022 ஜனவரி 27-ல் திரும்ப எடுத்துக்கொண்டது டாடா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டெக்கான் ஏர்வேஸ் இந்தியன் ஏர்லைன்ஸுக்குள், அது ஏர் இந்தியாவுக்குள், அது டாடாவுக்குள். 1945-ல் நிஜாமோடு கூட்டு வைத்த கைக்கே சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? வருடம் ஒருமுறை பிள்ளை குட்டிகளோடு ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு இதில் நேரடிச் செலவு இருக்கிறது. டிக்கெட்டில் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். காலியாக இருந்த கட்டடத்துக்கும் இனி எழுப்பப் போகிற கட்டடத்துக்கும் சேர்த்து நாம் கட்டும் தவணை அது. 2014 ஏப்ரலில் ஒழுங்காற்று ஆணையம் ஹைதராபாத்தில் அதைப் பூஜ்யமாக்கியது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது, கட்டணமும் பின்னால் திரும்பி வந்தது. கடையிலும் விளம்பரத்திலும் நிலையம் சம்பாதிப்பதை எவ்வளவு தூரம் கணக்கில் சேர்த்து இந்தக் கட்டணத்தைக் குறைப்பது என்பதுதான் வழக்கின் சாரம். உலர்ந்த விஷயம்தான், ஆனால் நாலு பேர் குடும்பத்துக்கு நாலு டிக்கெட்.

இரண்டாவது செலவு, ஒரே கம்பெனியை நம்புவது. ஒவ்வொன்றாக விழுந்த பிறகு உள்நாட்டுப் பயணிகளில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி இண்டிகோ கையில். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதிகளுக்கு ஏற்ப ஆள் திட்டமிடாததால், அந்தக் கம்பெனி ஒரே நாளில் 1,000-க்கு மேல் விமானங்களை ரத்து செய்தது. ஹைதராபாத்திலும் ஜனங்கள் பெட்டிகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் இருந்தது, புதிய கட்டடம் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. 1950-ல் விமானம் அதிகம், பயணி குறைவு. இப்போது பயணி அதிகம், கம்பெனி குறைவு. இரண்டு தடவையும் மாட்டிக்கொண்டது டிக்கெட் வாங்கியவர்தான்.

ஆகவே அடுத்த முறை யாராவது 'இத்தனை நூறு விமானம் ஆர்டர்' என்று தலைப்பு போட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். விமானம் எந்த ஊரில் ராத்திரி தங்கும்? அதை ஓட்ட எத்தனை பேரைப் பழக்குகிறார்கள்? நிற்க இடம் எப்போது தயாராகும்? மூன்றுக்கும் ஒரே வருடத்தில் பதில் வந்தால்தான் ஜங்ஷன். இல்லையென்றால் வெறும் வழி நிறுத்தம்.

கொசுறு: பேகம்பேட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பயணிகள் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே விங்ஸ் இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும். 2024 ஜனவரியில் ஆகாசா ஏர் 150 போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கான ஆர்டரை அறிவித்தது அங்கேதான். டகோட்டாக்கள் கிளம்பிய அதே இடம். கட்டுப்பாட்டு மாடத்துக்கு வாய் இருந்தால், 'முதலில் பைலட்டைப் பாருங்கப்பா' என்று சொல்லியிருக்கும்.